யசிந்தா ரீச்சர் பிழை திருத்திய விதம்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஸ்பானிய மொழி படித்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்த நாட்களில் ஜேர்மன் படித்தவர்கள் இருந்தார்கள், பிரெஞ்சு படித்தவர்கள் இருந்தார்கள். வீட்டுக்கொரு பிள்ளை வெளிநாட்டுக்குப் போக ஆயத்தமாக இருந்த காலம். ஆனால் ஸ்பானியத்தைப் படிப்பிக்க, எனக்குத் தெரிந்து, குடாநாட்டில் ஒரே ஒருவர்தான் இருந்தார். குருநகர் யசிந்தா ரீச்சர்.

அவர் ரீச்சர் வேலைக்கென்று படித்தவர் அல்லர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அது ஸ்பெயினில் தொடங்கிய சபை என்பதால் அங்கேயே அனுப்பினார்கள். வடக்கே ஒரு மலைப்பட்டணத்து மடத்தில் பல வருடங்கள் இருந்துவிட்டு, கன்னியாஸ்திரியாகக் கடைசி வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன் 1987இல் திரும்பி வந்தார். ஏன் வந்தார் என்று ஊர் தன்பாட்டுக்கு நாலு காரணம் சொன்னது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தமையன் வீட்டில் இருந்துகொண்டு கோவில் பீடத்துணிகளைத் தைத்துக் கொடுத்தார். பொதுவாகவே அவர் அதிகம் பேசுவதில்லை. பேசினால் வசனம் முழுதாக வரும், அச்சில் வார்த்ததுபோல.

அந்தச் சபை ஸ்பெயினில் முதியோர் இல்லங்களையும் நடத்தியது. சமைக்கவும் வயதானவர்களைப் பார்க்கவும் பெண்கள் தேவை, பாஷை தெரிந்திருந்தால் எடுப்பார்கள் என்று செய்தி வந்ததும், பங்குச் சுவாமி அருட்பிரகாசம் யசிந்தாவைக் கூப்பிட்டார். கோவில் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறையில் 1989 தொடக்கத்தில் வகுப்பு ஆரம்பமானது. நெல்லியடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்த எனக்கு ஒரு வாடிக்கையாளர் மூலம் விஷயம் தெரிய வந்தது. சைவக் குடும்பத்துப் பிள்ளை வேதக்கோவிலுக்குப் பின்னால் போய் என்ன படிப்பு என்று அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் இந்திய இராணுவத்தின் சோதனைகளில் இறங்கி ஏறி, பஸ்ஸில் குருநகருக்கு வருவேன்.

முதல் நாளே எங்களுக்கு ஓர் ஆச்சரியம் இருந்தது. ரீச்சர் மேசையைத் தொட்டு, "மேசா" என்றார். காலில் கிடந்த சப்பாத்தைக் காட்டி, "சபாதோ" என்றார். சமைக்கும் குசினிக்கு "கொசீனா". சாப்பிடும் பாணுக்கு "பான்". போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்களும் இவையும் ஒரே குடும்பம் என்று விளக்கினார்.

"அப்ப பாதிப் பாஷை தெரியும் ரீச்சர்! மிச்சத்தை வாற கிழமை முடிச்சிடலாம்" என்றார் முன்வரிசை வாங்கில் இருந்த சிசிலியா அக்கா. அறை முழுக்கச் சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை.

சிசிலியா அக்காதான் எங்களில் மூத்தவர். நாற்பதைத் தாண்டியவர், ரீச்சரைவிடவும் வயது கூட. கருவாடு போட்டு விற்பவர். பிள்ளைகள் இல்லை. புருஷன் சூசைதாசன் 1985 மாரியில் இன்னும் இருவரோடு கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் வாய் ஓயாதவர் என்பதுதான்.

ரீச்சர் பிழை திருத்தும் விதம் இதுதான். யாராவது எழுந்து பேசத் தொடங்குவோம். பிழை வந்த இடத்தில் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. பேசியவர் அங்கேயே நிற்க வேண்டும். சரியான சொல்லை ரீச்சர் சொல்லுவார். நாங்கள் வசனத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த பிழையில் அடுத்த தட்டு. நாலு சொல் உள்ள ஒரு வசனம் கரை சேர்வதற்குள் வியர்த்துப்போகும்.

ஸ்பானியத்தில் பொருள்களுக்கும் ஆண் பெண் உண்டு. மேசை பெண், பாண் ஆண். "எல் மேசா" என்றால் பென்சில் தட்டும், "லா மேசா" என்று சொல்ல வேண்டும். "மேசையிலை எதைப் பாத்து ரீச்சர் பொம்பிளை எண்டு கண்டுபிடிச்சவை?" என்று சிசிலியா அக்கா கேட்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பென்சில் அசையவே இல்லை. "பெரோ" என்றால் ஆனால், "பெறோ" என்றால் நாய். எங்கள் ரகர றகர வித்தியாசம்தான் அது. நாக்கு தன்பாட்டுக்குச் செய்தது. "இதிலை மட்டும் அங்கை என்னையும் ஒருத்தரும் திருத்தேல்லை" என்றார் ரீச்சர். அவர் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

மூன்று மாதத்தில் வகுப்பு நன்றாக அடங்கிவிட்டது. பிழை விடாமல் இருக்க நல்ல வழி வாய் திறக்காமல் இருப்பது என்று நாங்கள் கண்டுகொண்டோம். நான் பேசுவதற்கு முன் வசனத்தை மனதுக்குள் மூன்று தரம் ஒத்திகை பார்ப்பேன். ஐயம் இருந்தால் சொல்லவே மாட்டேன். அதனால் என்னை ரீச்சர் கெட்டிக்காரி என்றார். சிசிலியா அக்கா மட்டும் மாறவில்லை. ஒரு தட்டுக்கு, "சரி, சரி" என்பார், அடுத்த பிழையோடு மேலே போவார். அவர் எழுந்தால் பென்சில் மழைத்தூறல்போல விழும். ஆனால் அவர் சொன்னது மட்டும்தான் எங்களுக்கு ஞாபகம் நிற்கும். கருவாடு காயும் வாடியில் பூனை சுறாத்தலையைக் களவெடுத்த கதையை, வினைச்சொல் ஒன்றுகூடச் சரியாக இல்லாமல், கைகால் அபிநயத்தோடு அவர் ஸ்பானியத்தில் சொல்லி முடித்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முறை முடிந்து சிசிலியா அக்கா எழுந்தார்.

"மி மரிதோ எஸ் பெஸ்கதோர்" என்றார். என் புருஷன் மீன்பிடிகாரர். எனக்குத் தெரிய அது பிழையே இல்லாத வசனம். அவர் முகத்திலும் அந்தப் பெருமை தெரிந்தது.

பென்சில் தட்டியது.

"எரா" என்றார் ரீச்சர். "எஸ் எண்டால் இப்ப. எரா எண்டால் முந்தி. மி மரிதோ எரா பெஸ்கதோர்."

சிசிலியா அக்கா விளங்காமல் பார்த்தார். பிறகு, "எஸ்" என்றார் மெதுவாக.

மறுபடியும் தட்டு. "எரா. உதை இறந்தகாலத்திலை சொல்லவேணும், சிசிலியாக்கா."

தமிழ் இலக்கணத்தில் அதற்கு வேறு பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆயிரம் தரம் சொன்ன சொல். அன்றைக்கு அந்த அறையில்தான் அதன் முதற்பாதி என் காதில் தனியாக விழுந்தது. சிசிலியா அக்கா நின்றபடியே கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். பிறகு வாங்கில் இருந்தார். வகுப்பு முடியும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. முடிந்ததும், "வாறன் ரீச்சர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனி அவர் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. அவர் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையிலிருந்து வகுப்புக்கு வந்த ஸ்ரெல்லாதான் விஷயத்தை உடைத்தாள்.

"ரீச்சர், நீங்கள் அப்ப ஊரிலை இல்லை, உங்களுக்குத் தெரியாது. மற்ற ரெண்டு வீட்டுக்காரரும் செத்த பூசை ஒப்புக்கொடுத்திட்டினம். சிசிலியாக்கா குடுக்கேல்லை. படகு இந்தியாக் கரைக்கு ஒதுங்கியிருக்கும், இல்லாட்டில் எங்கையாவது தெற்கிலை பிடிச்சு வைச்சிருப்பாங்கள் எண்டுதான் அவ சொல்லுறவ. அவவுக்கு முன்னாலை ஆரும் சூசைதாசன் அண்ணையை 'இருந்தவர்' எண்டு சொல்லுறேல்லை."

ரீச்சர் கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தார். ஊரில் எல்லாரும் 'கடலோடு போனவர்' என்று சொன்னதைக் கேட்டு, இறந்தவர் என்றே அவர் நினைத்திருந்தார். இலக்கணப்படி சரியாகத்தான் திருத்தியிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "நாகேஸ்வரி, நீரும் ஒருக்கா என்னோடை வாரும்" என்றார். ஏன் என்னை என்று கேட்கவில்லை. வெளியூர்க்காரியின் முன்னால் மன்னிப்புக் கேட்பது சுலபம் என்று நினைத்திருக்கலாம். தனியாகப் போகப் பயந்தும் இருக்கலாம்.

சிசிலியா அக்கா வாடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மீன் கீறிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு, "வாங்கோ ரீச்சர், வாரும் பிள்ளை" என்று இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்துவிட்டார்.

"ஏன் வகுப்புக்கு வரேல்லை?" என்றார் ரீச்சர்.

"வேலை கூட."

ரீச்சர் பெட்டியில் இருந்தபடி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். ஒத்திகை பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, நானும் அதைச் செய்பவள்தானே. "அண்டைக்கு நான் திருத்தினது பிழை" என்றார் கடைசியில்.

"சீ, நீங்கள் படிச்ச ஆள். உங்கடை பாஷையிலை ஆள் இல்லையெண்டால் எரா தானே?"

"ஆள் இல்லையெண்டால் எரா தான்."

"அப்ப, ஆள் இருக்கோ இல்லையோ தெரியாட்டில்? அதுக்கு எந்தச் சொல்லு?"

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. மேசை ஏன் பெண் என்று கேட்டதுபோலத்தான் கேட்டார். ரீச்சர் தனக்குத் தெரிந்த காலங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அதுக்கெண்டு ஒரு காலம் இல்லை, அக்கா" என்றார்.

"தமிழிலையும் இல்லை" என்றார் சிசிலியா அக்கா. கத்தியை எடுத்து இன்னொரு மீனைக் கீறினார். "நாலு வரியமாய்த் தேடிப்பாத்திட்டன். சனம் ஒண்டில் இருக்கிறார் எண்டு சொல்லுது, இல்லாட்டில் இருந்தார் எண்டு சொல்லுது. நான் பகலிலை ஒண்டும் இரவிலை மற்றதும் நினைக்கிறன். ஆனால் வாயாலை சொல்லேக்கை எஸ் எண்டுதான் சொல்லுவன், ரீச்சர்."

"சொல்லுங்கோ. நான் தட்டமாட்டன்."

திரும்பி வரும்போது கடற்கரை வீதியில் ரீச்சர் தானாகப் பேசினார். மடத்தில் சிஸ்டர் அசென்சியோன் என்று ஒருவர் இருந்தாராம். சாப்பாட்டு மேசையில் யசிந்தா பிழை விட்டால் கரண்டியால் கோப்பையில் தட்டுவாராம். எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திப் பார்ப்பார்கள். "அவ நல்ல மனுசி. என்னிலை உள்ள அக்கறையிலைதான் தட்டினவ. எனக்கு அந்தப் பாஷை நல்லாய் வந்தது. ஆனால் வசனத்தை நான் உள்ளுக்கை சரியாக்கி முடிக்க, அவையின்ரை கதை வேறை எங்கையோ போயிருக்கும். வரியக்கணக்காய் அப்படித்தான். நான் ஏன் வந்திட்டன் எண்டு எல்லாரும் கேட்கினம். அங்கை எனக்கு ஒரு குறையும் இல்லை, நாகேஸ்வரி. நான் கதைக்காமலே இருந்திட்டன், அவ்வளவுதான்."

பென்சிலை அவர் வீட்டில் விட்டுவிட்டு வரத் தொடங்கினார். ஆனால் பழக்கம் விடுமா? பிழை கேட்டால் விரல் தானாக மேசையைத் தேடும். உடனே கையை மற்றக் கையால் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நாள் ஒன்றையுமே திருத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். சிசிலியா அக்கா திரும்பி வந்துவிட்டார், வகுப்பு கலகலப்பாகிவிட்டது. ஆனால் ஸ்ரெல்லாவுக்குக் கோபம் வந்தது.

"ரீச்சர், பிழையெண்டால் சொல்லுங்கோவன்! இஞ்சை நீங்கள் பாவம் பாத்து விட்டிட்டால், அங்கை போய் நாங்கள்தானே நாலு பேருக்கு முன்னாலை முழிக்க வேணும்?"

அதுவும் நியாயம்தான். அதற்குப் பிறகுதான் ரீச்சர் தன் வழியை மெல்ல மெல்லக் கண்டுபிடித்தார். பேசுபவரை முடிக்கவிடுவார். சிசிலியா அக்கா, "எல் மேசா பெரிசு" என்பார் ஸ்பானியத்தில். ரீச்சர் ஆவலோடு, "ஆ, லா மேசா அவ்வளவு பெரிசோ?" என்று திருப்பிக் கேட்பார். "ஓம், லா மேசா நல்ல பெரிசு" என்று அக்கா தொடர்வார், தான் திருத்தப்பட்டது தெரியாமலே. எல்லாப் பிழையும் இப்படிப் போகவில்லை. சிலருக்குக் காதில் ஏறாது. அப்போது வகுப்பு முடிவில், யார் சொன்னது என்று சொல்லாமல், அன்றைய பிழைகளைக் கரும்பலகையில் எழுதிப் பொதுவாகக் கேட்பார். என்னைப்போல ஊமையாக இருப்பவர்களிடம், "பிழையாய் எண்டாலும் ஒண்டு சொல்லும்" என்று வருந்திக் கேட்பார். எனக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

ஆனால் உடனே நிறுத்த வேண்டிய பிழையும் உண்டு என்று அவர் வைத்திருந்தார். தோஸ் என்றால் இரண்டு, தோஸே என்றால் பன்னிரண்டு. நோயாளிக்கு மருந்து கொடுப்பதாக நடித்துக் காட்டும்போது, இரண்டு குளிசை என்பதற்கு நான் "தோஸே" என்றேன்.

"நில்லும்!" என்று ரீச்சர் எழுந்தே விட்டார். "மருந்துக்கடைக்காரி, கிழவியைக் கொன்றுபோட்டீரே!"

அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். அந்தப் பிழையை நான் பிறகு விட்டதே இல்லை.

1990 பங்குனியில் இந்திய இராணுவம் போனது. பாதை திறந்திருந்த அந்தச் சில கிழமைகளில் கொழும்பிலிருந்து மதர் பிலார் என்ற ஸ்பானியக் கன்னியாஸ்திரி ரயிலில் வந்தார். ஒவ்வொருவரையும் பேசவைத்துப் பார்த்து ஆள் எடுப்பதற்காக. விளங்காத இடத்தில் மொழிபெயர்க்க ரீச்சரைப் பக்கத்தில் இருத்தினார்கள். மற்ற நாங்கள் பின்வரிசை வாங்குகளில் இருந்தோம். நான் பிழையில்லாமல் பதில் சொன்னேன், சின்னச் சின்னப் பதில்களாக.

சிசிலியா அக்காவின் முறை வந்தது. ஊர், வயது, தொழில் எல்லாம் கேட்டுவிட்டு, "புருஷன் இருக்கிறாரா?" என்றார் மதர்.

ரீச்சர் ஒரு கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

சிசிலியா அக்கா மதரை நேராகப் பார்த்தார். "நோ ஸே" என்றார். தெரியாது.

மதர் ரீச்சரைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி விளங்கவில்லையோ என்று நினைத்திருக்க வேண்டும். ரீச்சர் வாய் திறக்கவில்லை. சிசிலியா அக்கா தானே சொல்லத் தொடங்கினார். கடல், படகு, மூன்று பேர், மழை. போனார் என்பதற்குப் போகிறார் என்றார். இரவைப் பகல் என்றார், பிறகு திருத்திக்கொண்டார். அலைக்குச் சொல் தெரியாமல் கையால் அலை காட்டினார். நாலு வருடம் என்பதை விரலால் காட்டினார். பூசை கொடுக்காததையும், சனம் ஏசுவதையும் சொன்னார். ஆண் பெண் எல்லாம் தலைகீழாகப் புரண்டன. ரீச்சர் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. மதர் பிலார் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சிசிலியா அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏதோ சொன்னார். அது எனக்கு விளங்கவில்லை. தன் அண்ணனும் ஸ்பெயினில் நடந்த உள்நாட்டுச் சண்டையில் காணாமல் போனவர் என்றும், தங்கள் தாய் கடைசிவரை அதே பதிலைத்தான் சொன்னார் என்றும் மதர் சொன்னதாக ரீச்சர் பிறகு சொன்னார்.

ஆறு பேரை எடுத்தார்கள். முதலாவதாக சிசிலியா அக்கா, பிறகு ஸ்ரெல்லா. என் பெயரும் இருந்தது. ஆனால் அடுத்த மாதம் அம்மா பாரிசவாதத்தில் விழுந்துவிட்டார், நான் போகாமல் நின்றுவிட்டேன். போக மாட்டேன் என்று சிசிலியா அக்காவும் முதலில் அழுதார். "அவர் வந்து பூட்டின கதவைப் பாத்தால்?" என்று கேட்டார். "நான் வந்து இருக்கிறன், கதவு பூட்டாது" என்றார் ரீச்சர். தமையன் வீட்டில் அவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அப்படியே அக்காவின் வீட்டுக்குக் குடிபோனார். வைகாசியில் மற்றவர்கள் ரயில் ஏறினார்கள். ஆனியில் சண்டை தொடங்கியது. ரயிலும் நின்றது, மின்சாரமும் நின்றது.

ஸ்பானிய வகுப்புக்கு அதன்பின் வேலை இருக்கவில்லை. ரீச்சர் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுத்தார். அம்மா மோசம்போய்ச் செத்தவீடும் முடிந்த பிறகு நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மாறி வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரீச்சரைப் பார்க்கப் போவேன். சூசைதாசன் அண்ணையைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

1995 தொடக்கத்தில், சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்களில், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஒரு கசெற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சிசிலியா அக்கா பேசி அனுப்பியது. பற்றரி இல்லை. என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் கசெற் றேடியோவைக் கொழுவி, நான் பெடலைக் கையால் சுற்றினேன். சுற்றும் வேகம் குறைந்தால் அக்கா ஆண்குரலில் பேசினார். கூடினால் குருவிபோலக் கீச்சிட்டார். பாதி தமிழ், பாதி ஸ்பானியம். குளிர், ஒலிவ் எண்ணெயில் பொரித்த மீன், ஸ்ரெல்லாவுக்குக் கல்யாணம் பேசுவது, இல்லத்தில் தொண்ணூறு வயதுக் கிழவி ஒருவர் தன்னை விட்டு அசையாதது. அந்தக் கிழவியின் குரலும் இடையில் வந்து என்னவோ பாடியது. "இவரைப் பற்றி ஏதும் அறிஞ்சால் சொல்லியனுப்புங்கோ" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு, சுறாக் கருவாட்டின் மணம் தேடுது என்றார்.

கசெற் முடிந்ததும் ரீச்சர் அதை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு பிழை, கவனிச்சனீரோ?" என்றார்.

"ஓம் ரீச்சர்."

"அஞ்சு வரியமாய் அங்கை இருக்கிறா. எல் மேசா எண்டுதான் இன்னும் சொல்லுறா." சிரித்தார். பிறகு, "மற்றப் பக்கம் வெறுமையாய்த்தானே கிடக்கு? நான் பதில் பேசப்போறன்" என்றார்.

தாளும் பேனையும் எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எந்த முக்கியமான வசனத்தையும் எழுதிப் பார்க்காமல் சொல்லாதவர் அவர். எடுக்கவில்லை. றேடியோவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, பதிவுப் பொத்தானை அமத்தி, ஸ்பானியத்தில் தொடங்கினார். மண்ணெண்ணெய் விலையைச் சொன்னார். வாடிப் பக்கம் சனம் திரும்பவும் தொழிலுக்குப் போவதைச் சொன்னார். சூசைதாசனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். பிறகு எங்களுக்கு இதுவரை சொல்லாத கதைகள் வந்தன. மடத்தின் தோட்டத்தில் முதன்முதல் பனி விழுந்ததைக் கண்டு, நடந்து செபிக்க வேண்டிய நேரத்தில் ஓடிப்போய் அதை வாயில் போட்டுப் பார்த்தது. சிஸ்டர் அசென்சியோன் நோயில் கிடந்தபோது இரவிரவாகப் பக்கத்தில் இருந்தும் ஆறுதலாக ஒரு வசனம் சொல்லத் துணியாமல் விட்டது. நடுவில் ஓரிடத்தில் ஒரு சொல் பிழைத்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது. நின்றார். விரல் பொத்தானுக்குப் போனது. பிறகு கையை எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து இன்னும் வேகமாகப் பேசிக்கொண்டு போனார்.

எனக்குத் தோள் வலித்தது. குரல் கெட்டுவிடக்கூடாதென்று ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தேன், நாடா ஓடி முடியும்வரை.